இலூவர்க் கலைக்கூடமும் மக்கள் உரிமையும்

கலைக்கூடத்தின் வரலாறு கட்டடத்தின் வரலாறு மட்டும் அன்று. தொகுத்து வைத்த கலைச்செல்வம் யாருக்கு உரியது என்னும் வினாவிற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளே அதன் உட்பொருள். பாரிசு நகரத்து இலூவர்க் கலைக்கூடத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரஞ்சு மன்னரின் ஓவியங்கள் அரண்மனைச் செல்வமாகவே விளங்கின. 1750இல் அவற்றுட் சில இலக்சம்பர்கு அரண்மனையில் பொதுமக்கள் காணுமாறு வைக்கப்பெற்றன. ஆயினும் அது மன்னர் அருளேயன்றி மக்கள் உரிமையன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்குப் பின், அவ்வரண்மனை மன்னரின் தம்பிக்கு உரியதாகவே, காட்சியும் நின்றுபோயிற்று.

இந்நிலையை மாற்றியது பிரஞ்சுப் புரட்சி. 1793 ஆகஸ்டு 10ஆம் நாள், முடியாட்சி வீழ்ந்து ஓராண்டு நிறைந்த அன்று, 537 ஓவியங்களுடன் இலூவர் திறக்கப்பெற்றது. புரட்சி அரசு வகுத்த பத்து நாள் வாரத்தில் மூன்று நாள் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டன. மன்னர் மனைக்குள் குடிமக்கள் உரிமையோடு நுழைந்தனர்.

ஆனால் அவ்வுரிமை பிரஞ்சு மக்கள் அளவிலேயே நின்றது. 1794 முதல் பெல்சிய நாட்டிலிருந்தும், 1796 முதல் இத்தாலியிலிருந்தும் படையினர் கலைப்பொருள்களைக் கவர்ந்து வந்தனர். விடுதலை பெற்ற நாடே கலைக்கு உரிய உறைவிடம் என்பது அவர்கள் காட்டிய காரணம். 1803இல் இலூவர் நெப்போலியன் பெயரையே பெற்றது. அவன் வீழ்ந்த 1815இல், இழந்த நாடுகள் ஆயிரக்கணக்கான பொருள்களை மீட்டுச் சென்றன. ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும்: மீட்டவை வெற்றி பெற்ற ஐரோப்பிய அரசுகளும் அவற்றின் துணை பெற்றவையுமே.

படைவலி இல்லாதார்க்கு இவ்வழி திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1892இல் பிரஞ்சுப் படை ஆப்பிரிக்காவின் அபோமே அரண்மனையிலிருந்து கவர்ந்த பொருள்களுள் 26, பிற்காலத்தில் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பொதுத் தொகுப்பிலுள்ள பொருள் நாட்டின் உடைமை. அதனைக் கைவிடலாகாது என்னும் விதி அவற்றின் மீட்சிக்குத் தடையாய் நின்றது. 2020இல் தனிச் சட்டம் இயற்றிய பின்னரே, 2021இல் அவை பெனின் நாட்டிற்குத் திரும்பின.

பிரஞ்சு மக்களின் உரிமையைக் காத்த விதியே பிற மக்களின் உரிமையை மறுக்கவும் கருவியாயிற்று. கலைக்கூடத்தின் வாயில் எத்துணைப் பேர்க்குத் திறந்தது என்று கணக்கிடுவதோடு ஆய்வாளர் அமைதல் சாலாது. ஒவ்வொரு பொருளும் எவ்வாறு உள்ளே வந்தது என்பதையும் உடன் ஆராய்ந்தாலன்றிக் கலைக்கூடத்தின் சமுதாயப் பணியை நாம் செவ்வனே மதிப்பிட இயலாது.