கல்யாணத் தேதி கேட்ட சட்டம்

திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989ல. அதே வருஷத்து தமிழ்நாட்டு சட்டத்திருத்தம்தான், இந்துக் குடும்பங்கள்ல பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சமபங்குன்னு சொன்னது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம் சட்டமாக 60 வருஷம்!

ஆனா உள்ளே ஒரு கண்டிஷன்: 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது. மலையடிவாரத்துல ஒரே வீட்டு அக்கா, தங்கச்சின்னு வைங்க. அந்தத் தை மாசம் தாலி ஏறின அக்காவுக்கு நிலம் இல்ல. வைகாசியில கட்டிக்கிட்ட தங்கச்சிக்கு உண்டு. அண்ணன்கிட்ட மட்டும் யாரும் கல்யாணத் தேதி கேட்கல.

அந்த வேலியை எடுத்தது 2005 மத்திய சட்டத்திருத்தம். அப்புறமும் 'அன்னைக்கு அப்பா உயிரோட இருந்தாரா?'ன்னு கோர்ட்டுல இழுபறி. இருக்கத் தேவையில்லைன்னு 2020ல உச்ச நீதிமன்றம் முடிச்சு வெச்சது.

பத்திரப்பதிவு ஆபீஸ்லயோ, அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடுற அக்கா தங்கச்சிங்க இன்னைக்கும் இருக்காங்க.