எடிர்னே: உஸ்மானியர்களின் பழைய தலைநகர்

துருக்கியின் மேற்கு மூலையில், கிரேக்கமும் பல்கேரியாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எல்லை நகரம் எடிர்னே. 1453இல் இஸ்தான்பூல் வெற்றிகொள்ளப்படும் வரை உஸ்மானியர்களின் தலைநகர் இதுதான்.

இங்கு வருவோர் முதலில் தேடுவது செலிமிய்யா பள்ளிவாசலை. கட்டடக் கலைஞர் மிமார் சினான் முதுமையில் எழுப்பி, தம் படைப்புகளில் தலைசிறந்தது என்று கருதியது இது. 1575இல் பணி முடிந்தபோது, கட்டச் சொன்ன சுல்தான் இரண்டாம் செலீம் உயிருடன் இல்லை. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆண்டுதோறும் நடக்கும் கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தத்துக்கும் கூட்டம் கூடும்.

பலர் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். துஞ்சா ஆற்றைக் கடந்தால் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறுவிய வளாகம் இருக்கிறது. பள்ளிவாசல், மருத்துவக் கல்லூரி, சமையற்கூடம், மருத்துவமனை எல்லாம் ஒரே இடத்தில். செலவு வக்ஃபு வருமானத்திலிருந்து. அறுகோண மண்டபத்தின் நடுவே நீரூற்று, சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். மனநோயாளிகளுக்கு நீரோசையும் இசையும் மருந்தாயின. வாரம் மூன்று முறை இசைக்குழு வந்ததைப் பயணி எவ்லியா செலபி 17ஆம் நூற்றாண்டில் பதிவு செய்துள்ளார். இசை கூடுமா, கூடாதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். மனநோயைப் பேயின் வேலை என்று ஒதுக்காமல், சிகிச்சைக்குரிய நோயாகப் பார்த்தார்களே, அதுவல்லவா கவனிக்க வேண்டியது!

இன்று அந்த மருத்துவமனை திராக்யா பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். 2004இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது இதற்குக் கிடைத்தது.