பட்டப்படிப்பும் பிறமொழிக் கல்வியும்



பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒவ்வொருவரும் பிறமொழி ஒன்றைக் கட்டாயமாகக் கற்றல் வேண்டுமா? இவ்வினா எழும்போதெல்லாம் தாய்மொழிப் பற்று ஒருபுறமும் உத்தியோக ஆசை மறுபுறமும் நின்று வாதாடுகின்றன. அவ்விரண்டையும் சற்றே ஒதுக்கிவைத்து, வரலாறு யாது கூறுகின்றது என்று கேட்போம்.

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருவீதியின் ஓரத்தில், அலுவிகாரை என்னும் குகைக்கோயில் இருக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அதன் மொழி பாளி. அது இத்தீவின் மக்கள் வீட்டிற் பேசிய மொழியன்று; துறவிகள் முயன்று கற்ற மொழி. மூலம் பாளியில் இருக்க, உரைகள் சிங்களத்தில் வழங்கின. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த புத்தகோசர், அநுராதபுரத்து மகாவிகாரையில் அவ்வுரைகளைக் கற்றுப் பாளியில் அமைத்தார். பழைய சிங்கள உரைகள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் பொருளோ பாளி வழியாகப் பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும் சென்று இன்றும் வாழ்கின்றது. பிறமொழி சுதேச அறிவைக் காத்துத் தந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு நிகரானதொன்று உண்டு. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கினார். ஆங்கிலம் கற்ற அவர் தமிழைத் துறந்தாரல்லர். செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அச்செமினரியோ 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சமயப்பணிக்கு உதவவில்லை, தாய்மொழிக் கல்வியே போதும் என்று மிஷன் மேலிடத்தார் கருதியதே அதற்குக் காரணம். ஆயினும் 1872 இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. மக்கள் விரும்பிய கல்வியை மேலிடத்து ஆணை நெடுநாள் தடுக்க இயலவில்லை.

எனினும், பிறமொழி பாலமாவது போலவே வேலியும் ஆகும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் ஆரம்பமானபோது அங்கே போதனாமொழி ஆங்கிலம். கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பாடசாலையிற் படித்தவர்க்கே அதன் வாயில் திறந்தது. சுயமொழிப் பாடசாலையில் எத்துணை அறிவாளி இருப்பினும் அவன் வெளியே நின்றான். 1945 இல் வந்த இலவசக் கல்வி அவ்வேலியைத் தளர்த்திற்று. 1960 இல் கலைப்பிரிவு மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் பயில நுழைந்தபோது, அது பெரும் நீதியாயிற்று. ஆனால் அவ்வாறு நுழைந்தவர் பலர் நூல்நிலையத்தின் பெரும்பகுதியைப் படிக்க இயலாமல் திகைத்தனர். ஒரு வேலி போய் மற்றொரு வேலி வந்தது.

இவ்விடத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளை நினைத்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், காட்டுவழியே வடக்கிலிருந்து நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அவர்களைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளும் துரைமாரின் கடிதங்களும் ஆங்கிலத்திலேயே உள. தன் பூட்டன் எவ்வாறு இங்கு வந்தான் என்பதை மூலச்சான்றிலே படித்தறியத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். ஒல்லாந்தர் கால இலங்கையை ஆராய்பவனுக்கு, நமது சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் ஆவணங்களைப் படிக்க டச்சு மொழி வேண்டும். தனிநாயகம் அடிகளார்க்குப் போர்த்துக்கேயம் தெரிந்திருந்தமையாலன்றோ, 1679 இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை அவர் 1966 இல் மீண்டும் வெளியிட முடிந்தது!

ஆகவே என் துணிபு இது: கலைப்பட்டம் பெறும் மாணவர் பிறமொழி ஒன்றை, நூலைப் படித்து விளங்கும் அளவுக்கேனும், கட்டாயம் கற்றல் வேண்டும். ஆனால் அக்கட்டாயம் முதலில் கற்பிப்போரைச் சேரவேண்டும். 1987 இல் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றது. அந்த இணைப்பு மலையடிவாரப் பாடசாலை வரை வந்து சேர்வதற்குத் தகுந்த ஆசிரியர் வேண்டும். ஆசிரியரை அனுப்பாமல் பரீட்சையை மட்டும் அனுப்பினால், 1942 இன் வேலியை மறுபடியும் நாட்டியவராவோம். பல்கலைக்கழகமும், எழுத்தறிவிலிருந்து தொடங்கும் வகுப்பை வைத்து, போதிய காலமும் கொடுத்து, அதன்பின்பே பரீட்சை நடத்துதல் முறை.

அலுவிகாரைத் துறவிகள் தம் மொழியை விட்டுப் பாளியைக் கைக்கொள்ளவில்லை. இரண்டையும் கற்றார்கள், கற்பிக்க ஆசான்மாரும் இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யவேண்டியதும் அதுவே.