மாதரி கேட்ட நற்கலங்கள்: விருந்தறத்தின் நெடிய மரபு

மதுரையின் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்த செய்தியை அறியாத தமிழ்ச் சமணர் இல்லம் இராது. பூங்கண் இயக்கிக்குப் பாலமுது படைத்துத் திரும்பிக் கொண்டிருந்தவள் மாதரி. ஆக்களைப் பேணி, அவற்றின் பயனைப் பிறர்க்கு வழங்கி வாழும் ஆயர் வாழ்வில் கொடுமை இல்லை என்று கருதியே அடிகள் அவளைத் தேர்ந்தார். ஆயினும் அடைக்கலம் ஏற்ற மாதரிக்கு உடனே ஒரு கடமை எழுந்தது. தன் மனையில் தங்கியிருக்கும் விருந்தினர்க்கு எதனை, எவ்வாறு உண்ணக் கொடுப்பது என்பதே அது.

கோவலன் சாவக நோன்பினன். மாதரி வாழ்ந்ததோ மாயவனை ஏத்திக் குரவையாடும் ஆயர்பாடி. அந்நோன்பு அவள் குடிக்கு உரியதன்று. இருப்பினும் அவள் தன் வீட்டு அடுக்களையில் ஆக்கியதையே கொண்டுவந்து படைத்துவிடவில்லை. வந்தவர் சாவக நோன்பி ஆதலின், கண்ணகி தன் கையால் பகலுணவு ஆக்குவதற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாமல் கொடுக்குமாறு ஆய்ச்சியரைப் பணித்தாள் என்று கொலைக்களக் காதை கூறுகின்றது. கலங்களோடு பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பாற்பயன் ஆகியவையும் வந்தன. இப்பட்டியலை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மண்ணை அகழ்ந்து எடுக்கும் கிழங்கோ வேரோ இதில் ஒன்றும் இல்லை. காய்கனிகள் யாவும் மரத்திலும் கொடியிலும் காய்ப்பவை.

மாதரி செய்தவை மூன்று. விருந்தினர் உண்ணாதது எது என்பதை முன்னரே அறிந்து கொண்டாள். தன் வீட்டுப் புழக்கத்தில் கலவாத கலங்களைத் தனியே ஒதுக்கினாள். அந்நோன்பின் நுட்பம் அறிந்தவளிடமே அடுப்பை ஒப்படைத்து, உதவிக்குத் தன் மகள் ஐயையை நிறுத்தினாள். பலர் கூடி உண்ணும் விழாக்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உணவு விலக்காக இருக்கும் இக்காலத்திற்கும் இம்மூன்றுக்கு மேற்பட்ட வழி இல்லை என்பதைப் பின்வரும் வரலாறு தெளிவுபடுத்தும்.

சமண சமயத்தில் உணவு விலக்கு எல்லார்க்கும் ஒரே அளவினதாக என்றும் இருந்ததில்லை. புலால், மது, தேன் ஆகியவற்றையும் ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் விலக்குதல் இல்லறத்தார்க்குரிய அடிப்படை ஒழுக்கமாகும். அதற்கு மேல் படிகள் பல உள. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தான் ஏறிச் செல்லும் 11 நிலைகளை வகுத்துரைக்கின்றது. அதனை அடியொற்றித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. அந்நிலைகளுள் ஐந்தாவதில் நிற்பவர் உயிர்ப்புள்ள பச்சைக் காய், கனி, கீரைகளை உண்ணார். ஆறாவதில் நிற்பவர் இரவில் நால்வகை உணவினையும் நீக்குவார். இறுதி நிலையில் நிற்பவர் தமக்கென்றே சமைக்கப்பட்ட உணவை ஏலார்.

இவற்றோடு, புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய இரசபரித்தியாகம் என்பதும் உண்டு. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய ஆறு சுவைப்பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ குறித்த காலத்திற்குத் துறத்தலே அது. ஒரே வீட்டில் பாட்டி உப்பை நீக்கியிருப்பார். மருமகள் நெய்யை நீக்கியிருப்பாள். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் தந்தை முழுப் பட்டினி நோற்பார். ஒரு பந்தியில் பல விலக்குகள் என்பது சமணக் குடும்பத் தலைவியர்க்குப் புதிய சிக்கல் அன்று என்பது இதனால் விளங்கும்.

முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் முறை இவ்வறத்தின் உச்சநிலையாகும். திகம்பர முனிவர் நாளில் ஒருமுறை, நின்றவாறே, கைகளையே கலமாகக் கொண்டு உண்பார். வாய்திறந்து ஒன்றையும் கேளார். உணவில் மயிரோ இறந்த சிற்றுயிரோ காணப்பட்டால் அந்தராயம் நேர்ந்ததெனக் கொண்டு அத்துடன் உண்பதை நிறுத்திவிடுவார். மறுநாள் வரை பட்டினிதான். ஆதலின் அரிசியைப் பொறுக்குவதும், நீரை வடிகட்டுவதும், ஒவ்வொரு பொருளையும் பகல் வெளிச்சத்தில் ஆராய்வதும் ஆகாரம் அளிக்கும் இல்லத்தாரின் பொறுப்பாயின. முனிவர் தமக்கெனச் சமைத்ததை ஏலாமையால், இல்லத்தார் தாமும் அத்தூய உணவையே ஆக்கி உண்ண வேண்டும். அதிலிருந்தே அவருக்கும் அளிக்க வேண்டும். மிகுந்த கட்டுப்பாடு உடையவர் எதனை உண்ண இயலுமோ அதனையே அனைவர்க்கும் பொது உணவாக அமைப்பது என்னும் உயரிய நெறி இதனுள் அடங்கியுள்ளது.

கல்வெட்டுகளும் இவ்வறத்திற்குச் சான்று பகர்கின்றன. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-இல், பாண்டியன் வரகுணன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்த சாந்திவீரக் குரவர் 505 காணம் பொன் வைத்ததைக் கூறுகின்றது. அப்பொன் தடையின்றி நடைபெறும் வழிபாட்டு அமுதுக்கும், ஓர் அடிகளின் சோற்றுக்கும் உரியது. ‘அடியார் பலர்க்கு’ என்று பொதுவாகக் கூறாமல், ஒருவருடைய உணவைத் தனியே எண்ணி வைத்த பாங்கு நினையத்தக்கது. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில், சோழன் இராசகேசரிவர்மனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பூசல் ஒன்று நேர்ந்த வேளையில் கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றதைத் தெரிவிக்கின்றது. காவலும் உணவும் அங்கு ஒரே கடமையாக எண்ணப்பட்டன. அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்பவையே.

இனி, நோன்பினால் அன்றி உடலின் இயல்பினால் ஒருவர்க்கு ஓர் உணவு ஆகாமற் போவதைக் காண்போம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து, உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ண வேண்டும் என்று வற்புறுத்துகின்றது. மேலை நாட்டு மருத்துவத்தில், உடல் ஒரு பொருளுக்குக் கடுமையாக எதிர்வினை புரிந்து உயிருக்கே ஊறு விளையும் நிலையை 1902-இல் சார்லசு ரிசே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் விளக்கினர். ரிசேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னா மருத்துவர் கிளெமென்சு வான் பிர்கே. தமிழ் அதனை ‘ஒவ்வாமை’ என்று பொருத்தமுற வழங்குகின்றது.

அதன் பின்னர்ச் சட்டங்களும் எழுந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை உண்போர்க்குத் தெரிவித்தல் கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் இருந்த 8 வகையோடு 2023 முதல் எள்ளும் சேர்ந்தது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு உணவுச் சிட்டை விதிகள் பால், கோதுமை முதலிய தானியங்கள், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா உள்ளிட்டவற்றை உறைமீது குறிக்கப் பணிக்கின்றன.

இப்பெயர்களை நோக்கும் சமணர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுதல் வேண்டும். பாலும் நெய்யும் முந்திரியும் எள்ளும் கோதுமையும் திருவிழாப் பந்தியின் சிறப்புணவுகள் அல்லவா? ஆம். தூய உணவு என்பதனாலேயே அது எல்லார்க்கும் தீங்கற்ற உணவு ஆகிவிடாது. உறைமீதுள்ள பச்சைப் புள்ளி புலால் இல்லை என்பதை மட்டுமே உரைக்கும்.

ஒருவருடைய விலக்குக்குத் தேடிய மாற்றே மற்றொருவர்க்குத் தீங்காவதும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நீக்கிய சமையலில் மணத்திற்காகப் பெருங்காயம் சேர்ப்பது வழக்கம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்க்கு அந்தச் சாம்பாரும் ஆகாது. குழம்பு கெட்டிப்பட வெங்காய விழுதுக்கு மாற்றாக அரைத்துவிடும் முந்திரி, கொட்டைகள் ஆகாத குழந்தையின் மூச்சையே அடைத்துவிடக்கூடும். ஒருவர் நோன்பைக் காத்த கை மற்றொருவர் உயிரைக் காக்கத் தவறிவிடலாகாது.

இங்குதான் மாதரியின் நெறி வழிகாட்டுகின்றது. முதலாவது, முன்னரே கேட்டறிதல். விழா அழைப்பிலேயே நோன்பையும் ஒவ்வாமையையும் தெரிவிக்குமாறு வேண்டினால், சமையற்காரர் அதற்கேற்பப் பொருள் வாங்குவார். கிழங்கு, வெங்காயம், பூண்டு இல்லாமல், பாலும் கொட்டையும் கோதுமையும் கலவாமல் சோறு, பருப்பு, ஒரு பொரியல், வெல்லப் பாயசம் ஆகியவற்றைப் பொது உணவாக்கினால், பெரும்பாலோர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண இயலும். நெய்யையும் வறுத்த முந்திரியையும் கலந்துவிடாமல், விரும்புவோர்க்குத் தனியே பரிமாறலாம்.

இரண்டாவது, தனிக்கலம். விலக்குடையோர்க்கான உணவைக் கழுவிய பாத்திரத்தில் முதலிலேயே சமைத்து மூடி வைத்தல் வேண்டும். முந்திரிப் பாயசத்தில் இட்ட கரண்டியை அதில் இடலாகாது. பலகாரம் பொரித்த எண்ணெயை அதற்குப் பயன்படுத்தலும் ஆகாது. கடும் ஒவ்வாமை உடையவர்க்குக் கரண்டியில் ஒட்டிய சிறிதளவும் போதும். மூன்றாவது, அறிந்தவர் பொறுப்பு. எந்தப் பாத்திரத்தில் என்ன சேர்ந்துள்ளது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒருவர் பந்தி முடியும் வரை அங்கே இருத்தல் வேண்டும். உண்டவர் எவர்க்கேனும் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ மயக்கமோ தோன்றின், கைவசம் அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்க்கு அதனை உடனே செலுத்தி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. வேண்டாம் என்பவர் இலையில் ‘ஒரு கரண்டி மட்டும்’ என்று அன்பினால் வற்புறுத்தும் வழக்கம் ஒழிதல் வேண்டும். முனிவர் கைவிரல்களை விலக்கிவிட்டால், காரணம் வினவாமல் வணங்கி நிற்கும் மரபு சமணருடையது. பந்தியில் அமர்ந்த சிறு பிள்ளை இலைமேல் கையை வைத்து மறைத்தாலும் அதே மதிப்பை அளித்தல் தகும். நோன்பைத் தளர்த்திக் கொள்ளவேனும் கழுவாய் உண்டு. ஒவ்வாமைக்கு அதுவும் இல்லை.

மாதரி கொடுத்த கலங்களில் கண்ணகி ஆக்கிய உணவைக் குமரி வாழையின் குருத்திலையில் கோவலன் உண்டான். அவன் வாழ்வில் உண்ட கடைசி உணவு அதுவே. அன்று நடந்த கொலையைத் தடுக்க அந்த ஆயர்மகளால் இயலவில்லை. ஆனால் தன் மனையில் தங்கிய நேரத்தில் அவன் நோன்புக்கு ஓர் இழுக்கும் நேராமற் காத்தாள். அந்நோன்பு தனக்கு இல்லாத ஒருத்தி இவ்வளவு கருதினாள் எனின், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் தம் பந்தியில் அமரும் ஒவ்வொருவர்க்காகவும் எவ்வளவு கருதுதல் வேண்டும்!