கருவிழி மீளுருவாக்கத்தில் அழற்சியின் பங்கு: ஹைதராபாத் சிகிச்சையை முன்வைத்து

2012இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஆறே நோயாளிகளைப் பற்றிய ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் விரேந்தர் சங்வான், சயன் பாசு உள்ளிட்டோர் அதை எழுதியிருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரு கண் வெந்துபோயிருந்தது. நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. சதுரத் துணுக்கு ஒன்றை எடுத்து, எட்டுப் பத்துத் துண்டுகளாக நறுக்கி, வெந்த கண்ணின்மேல் விரித்த பனிக்குட உறையில் ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். ஆறு வாரங்களுக்குள் புதிய மேல்தோல் வளர்ந்து கருவிழியை மூடிவிட்டது. ‘ஸ்லெட்’ என்ற பெயரில் இன்று பல நாடுகளில் செய்யப்படும் சிகிச்சை இதுதான்.

இதைக் குருத்தணுக்களின் வெற்றி என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது பாதிக் கதை. குருத்தணு வந்து விழும் இடத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பது மறுபாதி. ஹைதராபாத் முறை அழற்சியை ஒழித்துவிட்டு வெற்றி பெறவில்லை. முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் பழைய அழற்சியை அடக்கி, அதன் இடத்தில் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடியக்கூடிய புதிய அழற்சி ஒன்றை உண்டாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து, ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கான குருத்தணுக்கள் கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் லிம்பஸ் என்ற குறுகிய வளையத்தில் இருக்கின்றன. 1989இல் கோட்சரேலிஸ், சன், லேவ்கர் ஆகியோர் எலியின் லிம்பஸில் மிக மெதுவாகப் பிளவுறும் அணுக்களைக் கண்டறிந்த பிறகு இக்கருத்து வலுப்பெற்றது. அந்த வளையம் அழிந்தால், வெண்விழியை மூடியிருக்கும் படலம் இரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு கருவிழிமேல் ஏறிவிடுகிறது. பார்வை போய்விடுகிறது.

நம் நாட்டில் இந்த அழிவுக்குச் சுண்ணாம்பு ஒரு முக்கியக் காரணம். வெற்றிலைக்கும் புகையிலைக்கும் விற்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்துகிறது. அது பீய்ச்சிக் கண்ணில் தெறிக்கிறது. காரம் அணுக்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டே ஆழத்துக்கு இறங்கும். இமைக்கு அடியில் ஒட்டிய துகள்கள் அகற்றப்படும்வரை எரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் கண்ணுக்கு நேரும் சேதம் முழுவதையும் சுண்ணாம்பே செய்வதில்லை. கார எரிகாயத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் இரண்டு அலைகளாக வருகின்றன. முதல் அலை முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது அலை ஒரு வாரத்துக்குப் பின் தொடங்கி அடுத்த வாரங்களில் உச்சத்தை எட்டுகிறது. அவை உமிழும் நொதிகள் கொலாஜனைக் கரைக்கின்றன. தப்பிப் பிழைத்த குருத்தணுக்கள் சாவதும் கருவிழி உருகி ஓட்டை விழுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

அப்படியானால் ஸ்டீராய்டைக் கொட்டி அழற்சியை முழுவதுமாக அணைத்துவிடலாமே என்று தோன்றும். கண் மருத்துவர்கள் அதைச் செய்வதில்லை. முதல் வாரம், பத்து நாள் வரை ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாராளமாகத் தருகிறார்கள். மேல்தோல் மூடாத கண்ணில் அதற்குப் பிறகு வேகமாகக் குறைத்துவிடுகிறார்கள். கொலாஜனை மீண்டும் நெய்யும் வேலை தொடங்கும் நேரத்தில் ஸ்டீராய்டு அதையும் நிறுத்திவிடும் என்பதே காரணம். ஒரே மருந்து ஒரு வாரத்தில் காப்பாற்றுகிறது, அடுத்த வாரத்தில் கெடுக்கிறது. அழற்சியை நல்லது என்றோ கெட்டது என்றோ நாள் குறிப்பிடாமல் சொல்வதில் பொருளில்லை.

இனி ஹைதராபாத் அறுவை அரங்குக்கு வருவோம். அங்கே இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். முதலாவது, காத்திருத்தல். கண் சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும்போது லிம்பஸ் திசுவை வைத்தால் அது நிலைப்பதில்லை. சிவப்பு தணிய மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இரண்டாவது, அவ்வளவு பொறுத்துத் தணியவைத்த கண்ணையே அறுப்பது. கருவிழிமேல் படர்ந்த நார்த்திசுவை உரித்தெடுக்கிறார்கள். இரத்தம் கசிகிறது, பச்சைக் காயம் உண்டாகிறது, நோய் எதிர்ப்பு அணுக்கள் மறுபடி வந்து சேர்கின்றன. குருத்தணுத் துணுக்குகள் வைக்கப்படுவது இந்தப் புதுக் காயத்தின்மேல்தான்.

இப்படிப் புதிதாகக் காயப்படுத்துவது உதவும் என்பதற்கு மிக நெருங்கிய சோதனைச் சான்று கண்ணிலிருந்து கிடைக்கவில்லை, சாலமாண்டரின் காலிலிருந்து கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் காட்வின், பின்ட்டோ, ரோசென்தால் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. வெட்டிய காலை அப்படியே திரும்ப வளர்க்கும் ஆக்ஸலாட்டல் என்ற சாலமாண்டரின் உடலில் மேக்ரோஃபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை முன்கூட்டியே அழித்துவிட்டுக் காலை வெட்டினார்கள். காயம் மூடியது, தழும்பு விழுந்தது, கால் வளரவில்லை. மேக்ரோஃபேஜ்கள் திரும்பிய பிறகும் அந்தத் தழும்புக் காலில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதே காலை மறுபடி வெட்டியபோது முழுக் காலும் வளர்ந்தது. வளரும் திறன் உடலில் அப்படியே இருந்தது. மேக்ரோஃபேஜ்கள் உரிய நேரத்தில் வந்து சேரும் புதிய காயம் ஒன்றுதான் அதற்குத் தேவைப்பட்டது. சாலமாண்டரையும் மனிதக் கருவிழியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது தெரிந்ததே. எனினும் தழும்பை உரித்துப் புதிதாகக் காயப்படுத்துவது வெறும் இடம் ஒதுக்கும் வேலை அல்ல என்று எண்ண இது இடம் தருகிறது.

இன்னொரு சான்று ஹைதராபாத்திலேயே இருக்கிறது. ஸ்லெட்டுக்கு முன், 2001 முதல், அந்த நிறுவனம் லிம்பஸ் அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் படலமாக்கிக் கண்ணில் வைத்துவந்தது. அப்படிச் சிகிச்சை பெற்ற 200 பேரின் பத்தாண்டு முடிவுகள் 2011இல் வெளிவந்தன. வெற்றி 71 விழுக்காடு. ஸ்லெட்டில், 125 கண்களைப் பற்றி பாசு குழுவினர் 2016இல் தந்த கணக்கு 76 விழுக்காடு. அழற்சி குருத்தணுவுக்கு எதிரி மட்டுமே என்றால், அழற்சியே இல்லாத வளர்ப்புத் தட்டில் பெருகிய அணுக்கள் நன்றாகத் தேறியிருக்க வேண்டும். அறுபட்ட கண்ணிலேயே பெருக விடப்பட்டவை தோற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

இந்த ஒப்பீட்டின் பலவீனத்தை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு தொகுப்புகளும் வேறு காலத்தவை, பின்தொடர்ந்த காலமும் வேறு. இடையில் அறுவை நுட்பமும் கைத்தேர்ச்சியும் கூடியிருக்கும். எனவே ஐந்து விழுக்காட்டு வேறுபாட்டின்மேல் நான் எதையும் கட்டவில்லை. காயத்தின் சூழல் அணுக்களைக் கெடுக்கவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும். அதே 125 கண்களில் எவை தோற்றன என்பது இன்னும் பயனுள்ள செய்தி: அமிலத்தால் வெந்தவை, இமையும் விழியும் கடுமையாக ஒட்டிக்கொண்டவை, கருவிழி மாற்றையும் உடன் செய்துகொண்டவை, ஒட்டிய துணுக்குகளை இழந்தவை. கடைசியானது நேரடியாக அணு இழப்பு. மற்ற மூன்றையும் அழற்சி அடங்க மறுக்கும் கண்கள் என்று வாசிக்க முடியும். அமிலத்தைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு கொஞ்சம் தளர்வானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிய காயம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது பனிக்குட உறை. சிசேரியன் பிரசவத்தில் கிடைக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து அதை எடுக்கிறார்கள். நியூட்ரோஃபில்களை விரைவில் சாகவைத்து, மேக்ரோஃபேஜ்களைச் சீரமைக்கும் தன்மைக்குத் திருப்பும் மூலக்கூறுகள் அதில் இருக்கின்றன. குருத்தணுவை வெறும் விரிப்பின்மேல் வைக்கிறோம் என்று நினைத்தால் தவறு. அழற்சிக்குக் கெடு விதிக்கும் மருந்து ஒன்றின்மேல் வைக்கிறோம்.

குருத்தணுவே இந்த மருந்து வேலையைச் செய்வதும் உண்டு. ஹைதராபாத்தின் பாசுவும் பிட்ஸ்பர்க்கின் ஃபண்டர்பர்க்கும் பிறரும் சேர்ந்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனித லிம்பஸின் உள்திசுக் குருத்தணுக்களை எலியின் கருவிழிக் காயத்தில் வைத்தபோது தழும்பு விழவில்லை. அணுக்கள் தழும்பை அழித்துப் புதுத் திசு நெய்தன என்பதே முதல் விளக்கமாக இருந்தது. 2017இல் பிட்ஸ்பர்க் குழு காட்டியது வேறு: அந்த அணுக்கள் டிஎஸ்ஜி-6 என்ற புரதத்தைச் சுரந்து நியூட்ரோஃபில்களின் வருகையைக் குறைக்கின்றன. அப்புரதத்தின் உற்பத்தியைத் தடுத்தால் தழும்பைத் தவிர்க்கும் திறனும் போய்விடுகிறது.

இதிலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைத்தாலே போதும் என்று முடிவுகட்டினால் மறுபக்கம் சறுக்குவோம். ஹூஸ்டனில் லீ, பர்ன்ஸ், ஸ்மித் குழுவினர் காமா-டெல்டா டி அணுக்கள் இல்லாத எலிகளில் கருவிழிக் கீறல் ஆறத் தாமதமாவதை 2007இல் காட்டினார்கள். 2021இல் ஹைஃபாவின் டெக்னியான் ஆய்வாளர்கள் எலியின் லிம்பஸில் குருத்தணுக்கள் உறங்கியிருக்கவே அருகிலுள்ள டி அணுக்கள் வேண்டும் என்று கண்டார்கள். ஆகவே நோய் எதிர்ப்பு அணுக்களை விபத்து நடந்தால் ஓடிவரும் வெளியாட்களாகக் கருத முடியாது. குருத்தணு வாழும் வீட்டில் அவையும் குடியிருப்பவை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று சென்னையிலும் இருக்கிறது. அங்கே குருத்தணுவே தேவைப்படவில்லை. மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயில், காய்ச்சல் தணிந்து பல ஆண்டுகள் கழித்தும் கருவிழி மெல்ல மெல்லக் கெடுகிறது. தோல்போல் கெட்டியான இமை ஓரம் ஒவ்வொரு சிமிட்டலிலும் கருவிழியை உரசி, அழற்சியை அணையவிடாமல் வைத்திருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சங்கர நேத்ராலயாவின் கீதா ஐயர் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், உதட்டின் உட்புறச் சவ்வை எடுத்து அந்த இமை ஓரத்தில் ஒட்டும் முறையை விவரித்தார்கள். கருவிழிக்கு ஓர் அணுவும் தரப்படவில்லை. உரசல் நின்றதும் மேற்பரப்பு தேறியது. அங்கே எஞ்சியிருந்த குருத்தணுக்களுக்கு வேலை செய்யத் தெரியாமல் இல்லை; அவை வேலை செய்ய விடப்படாமல் இருந்தன என்றே இதை வாசிக்கிறேன்.

வாதத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. புதிதாக எந்த நோயாளியையும் காயப்படுத்த வேண்டியதில்லை. ஸ்லெட் அறுவையில் கருவிழிமேலிருந்து உரித்தெடுக்கும் நார்த்திசு ஒவ்வொன்றும் அந்தக் கண்ணின் அழற்சி வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதில் நியூட்ரோஃபில்கள் எத்தனை, மேக்ரோஃபேஜ்கள் எந்தத் தன்மையில் இருக்கின்றன, டி அணுக்கள் எவ்வகை என்று எண்ணி, ஓராண்டு கழித்து அந்தக் கண் எப்படியிருக்கிறது என்பதோடு ஒப்பிடலாம். கண்ணின் சிவப்பைப் பார்த்துக் காத்திருக்கும் மாதங்களின் எண்ணிக்கையைவிட இந்த எண்ணிக்கை முடிவைச் சரியாக முன்னறிவித்தால் என் வாதம் நிற்கும். இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால், வைத்த அணுக்களின் எண்ணிக்கையும் தரமும்தான் எல்லாம் என்பவர்கள் சொல்வது சரி.