50-க்குக் கீழே: ஒரு எண்ணின் கதை

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் தேறிவிட்டார், பயம் மட்டும் எனக்கு இடம் மாறியது. நாற்பத்தாறு வயது, நாள் முழுக்க நாற்காலி. தூக்கத்தில் இதயத்தைக் கவனிக்கும் ஸ்மார்ட் மோதிரம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை செயலியில் எச்.ஆர்.வி. 27 மில்லிசெகண்ட் என்று வந்தது. இது நல்லதா கெட்டதா என்று தேடப்போனதில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வு சிக்கியது. இந்த எண் 50-க்குக் கீழே இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாம். அதற்கப்புறம் இரண்டு நாள் தூக்கமே இல்லை. தூங்காததால் எண் இன்னும் இறங்கியது!

நான் ஒரு தப்புக் கணக்கு போட்டிருந்தேன். அது எங்கே தப்பு என்று புரிய, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தோண்ட வேண்டியிருந்தது.

நிமிஷத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக செகண்டுக்கு ஒன்று என்று நினைத்துக்கொள்வோம். நிஜத்தில் ஒரு இடைவெளி 1000 மில்லிசெகண்ட், அடுத்தது 1040, அதற்கடுத்தது 990. 1847-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கார்ல் லுட்விக் சுழலும் உருளையில் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் கோடுகளாகப் பதிந்து பார்த்தார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைகிறது, விடும்போது தளர்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் வெபர் சகோதரர்கள், வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சினால் இதயம் நிதானமாகும், நின்றேகூடப் போகும் என்று காட்டியிருந்தார்கள். மூளையிலிருந்து இதயத்துக்கு ஒரு பிரேக் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது? இதற்கு விடை தூக்கத்தில்தான் கிடைத்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி ஒரு ராத்திரி கனவில் ஒரு சோதனையைக் கண்டு, பாதித் தூக்கத்தில் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. அடுத்த ராத்திரி அதே கனவு. இந்தத் தடவை எழுதிவைக்கவில்லை, நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். (இது அவரே பிற்பாடு சொன்ன கதை. நானும் ராத்திரி பக் ஃபிக்ஸ் எழுதி வைத்துக் காலையில் முழித்திருக்கிறேன், நோபல்தான் வரவில்லை.) ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டினார், அது தளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார், அதுவும் தளர்ந்தது. 1921-ல் இதை வெளியிட்டார். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின் என்பது பிறகு உறுதியானது; 1936-ல் ஹென்றி டேலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அசிட்டைல்கோலினின் குணம் நம் கதைக்கு முக்கியம். வந்த வேகத்தில் சிதைந்துவிடும். அதனால் வேகஸ் ஒரே துடிப்புக்குள் பிரேக்கைப் போட்டு எடுக்கும். ஆக்ஸிலரேட்டர் மாதிரியான சிம்பதெடிக் நரம்புக்குப் பல செகண்டுகள் பிடிக்கும். ஆகவே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் வரும் குட்டி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வேகஸின் கைவேலை.

இதெல்லாம் ஆய்வக சமாச்சாரமாகவே இருந்தது. நோயாளி பக்கம் இதைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் எட்வர்ட் ஹான். 1960-களில் அவரும் லீ என்பவரும் கருவிலிருக்கும் குழந்தைகளின் துடிப்பைப் பார்த்தபோது, குழந்தை ஆபத்தில் சிக்கினால், துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே இடைவெளிகளின் போக்கு மாறிவிடுவதைக் கண்டார்கள். இதே காலத்தில் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர், நாள் முழுக்க ஈசிஜி பதியும் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆரம்பகால மாதிரி முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டை. 1961-ல் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தபோது அது கைக்கு அடக்கமாகிவிட்டது. சொந்தக் கட்டிலில் தூங்குபவரின் இதயத்தை விடிய விடியப் பதிய முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது என்னைப் பயமுறுத்திய ஆய்வுக்கு வருவோம். ராபர்ட் கிளைகரும் சகாக்களும் மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரை ஹோல்டர் கருவியால் பதிவு செய்து, சராசரியாக 31 மாதங்கள் தொடர்ந்தார்கள். முதலில் நான் கவனிக்காதது: அவர்கள் எல்லாரும் மாரடைப்பு நோயாளிகள், நான் இல்லை. இன்னும் பெரிய தப்பு இரண்டாவது. அவர்களுடைய 50, 24 மணி நேரத்து எஸ்.டி.என்.என். என் மோதிரத்தின் 27, தூக்கத்து ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.

இரண்டுக்கும் யூனிட் மில்லிசெகண்ட்தான். ஆனால் 1000, 1040, 990, 1030 என்று நான்கு இடைவெளிகளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எஸ்.டி.என்.என். என்பது சாதாரண திட்ட விலக்கம். ஏறத்தாழ 24 வரும். ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. அடுத்தடுத்த வித்தியாசங்களை (40, 50, 40) வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது; ஏறத்தாழ 44 வரும். அதே நான்கு இடைவெளிகள்! நாள் முழுக்கப் பதிந்தால் நிலைமை தலைகீழ். பகலில் 90, ராத்திரி 55 என்று துடிப்பு மாறுவதும் எஸ்.டி.என்.என்.-க்குள் சேர்ந்து அதைப் பெரிதாக்கும், ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.-க்கு அது கண்ணிலேயே படாது. வெவ்வேறு கால அளவில் எடுத்த எஸ்.டி.என்.என்.-களை ஒப்பிடவே கூடாது என்று 1996-ல் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. நான் ஒப்பிட்டதோ வேறு சூத்திரத்தை. இருபது வருஷமாக கோட் எழுதுகிறவன் செய்கிற காரியமா இது!

தூக்கத்தில் ஏன் அளக்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கியது. பகலில் காபி, படிக்கட்டு, மேனேஜர் என்று ஆயிரம் தொந்தரவு. ஆழ்தூக்கத்தில் மூச்சு சீராகிறது, வேகஸ் கை ஓங்குகிறது. கனவு வரும் ஆர்.இ.எம். கட்டத்தில் மூச்சும் துடிப்பும் தாறுமாறாகும். அதனால் ஒரே ராத்திரிக்குள்ளேயே வரைபடம் ஏறி இறங்குவது சகஜம். மது, காய்ச்சல், ராத்திரி பதினொரு மணிச் சாப்பாடு எல்லாம் எண்ணை இறக்கும். வயசு ஏற ஏறவும் இறங்கும். என் டீமில் இருக்கும் இருபத்தாறு வயசுப் பையனுக்கு 80 வருகிறது என்று நான் பொறாமைப்பட்டதில் அர்த்தமே இல்லை.

இப்போது ஒரு ராத்திரி எண்ணைப் பார்ப்பதில்லை, என் சொந்த முப்பது நாள் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறேன். அது 29-ல் நிற்கிறது. அப்பாவுக்கும் ஒரு மோதிரம் வாங்கட்டுமா என்று போனில் கேட்டேன். "டாக்டர் மூணு மாசத்துக்கு ஒருக்க பாக்குறாருப்பா. எனக்கு ராத்திரி நல்லாத்தான் தூக்கம் வருது. நீ தூங்குறியா?" என்றார்.