காற்சட்டை அணிந்த கதாசிரியை



ஒரு காலத்தில் ராகலை போன்ற தோட்டப்புறக் கடைவீதிகளில் பாட்டுப் புத்தகங்களும் சாமிப் படங்களும் கூவி விற்கப்பட்டதை மூத்தவர்கள் அறிவார்கள். தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடி வந்த மீனாட்சியம்மாள் நடேசய்யர், தமது பாட்டுக்களை 1940 இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறுநூலாக அச்சிட்டார். அது ஒரு பெண் எழுதி, மக்கள் கைக்குப் போன அச்சு. இன்று நாம் பார்க்கப்போவது வேறு வகை. பெண் எழுத்தாளரையே கேலிப்படமாக வரைந்து, காசுக்கு விற்ற அச்சு.

இடம் பாரிஸ். ஆண்டு 1842. அல்சிட் லொரென்ட்ஸ் என்ற ஓவியர் கல்லச்சுப் படம் ஒன்றை வெளியிட்டார். ஆணுடையில், புகைபிடித்தபடி நிற்கும் ஒரு பெண். அவர்தான் ஜோர்ஜ் சாண்ட். இயற்பெயர் ஒரோர் டுபின். 1832 இல் வந்த ‘இந்தியானா’ நாவலால் ஒரே ஆண்டிலேயே புகழ் பெற்றவர். படத்தின் அடியில் ஒரு சிறு செய்யுள். இந்த உருவம் குழப்பமாக இருந்தால் அதற்குக் காரணம் மேதைமைக்குப் பால்பேதம் இல்லாததே என்பது அதன் பொருள். புகழ்ச்சியா, குத்தலா? இரண்டுந்தான் என்பது என் எண்ணம்.

ஓவியர்களுக்கு ஏன் திடீரென்று கதாசிரியைகள் மேல் கண் விழுந்தது? இங்கே ஓர் அரசியல் கதை இருக்கிறது. 1830 இல் அரியணை ஏறிய லூயி பிலிப் மன்னரை, பத்திரிகை முதலாளி சார்ல்ஸ் பிலிப்போனின் குழுவினர் பேரிக்காயாக வரைந்து ஊரையே சிரிக்க வைத்தார்கள். மன்னரைப் பெருந்தீனிக்காரனாக வரைந்த ஓனரே டோமியே சிறைக்கும் போனார். 1835 இல் மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த சட்டம், அரசியல் கேலிப்படங்களைத் தணிக்கைக்குள் அடக்கிற்று. மன்னரை வரைய முடியாது. ஆனால் ‘ஷாரிவாரி’ பத்திரிகைக்கோ நாள்தோறும் ஒரு படம் வேண்டும்! வக்கீல், வைத்தியர், வீட்டுக்காரன் என்று தேடிய பேனா, எழுதும் பெண்ணிடமும் வந்து நின்றது. வழக்குப் போடாத இலக்கு அல்லவா?

டோமியே 1844 இல் எழுத்தாளப் பெண்களைப் பற்றி நாற்பது படங்கள் வரைந்தார். ஒன்றில் தாய் எழுத்தில் மூழ்கியிருக்க, குழந்தை குளியல் தொட்டிக்குள் தலைகீழாகக் கிடக்கிறது. மன்னரை எதிர்த்துச் சிறை சென்ற குடியரசுவாதியின் கைதான் இதையும் வரைந்தது. ஏழைகளின் துயரை அவரைப்போல் வரைந்தவர் அரிது. ஆகவே இதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. இத்தகைய படங்கள் பத்திரிகையோடு நிற்கவில்லை. தனித் தாள்களாகவும் கடைகளில் விற்பனையாகின. கடைக் கண்ணாடியின் முன் கூடி, வாங்காமலே சிரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

சரி, அந்தக் காற்சட்டை? சாண்ட் தமது சுயசரிதையில் காரணம் சொல்கிறார். 1831 இல் பாரிஸ் வந்தபோது கையில் பணம் குறைவு. மெல்லிய காலணிகள் தெருக் கல்லில் தேய்ந்தன, பாவாடை சேற்றில் நனைந்தது. நாடகக் கொட்டகையின் மலிவான தரை இருக்கைகளில் ஆண்களே அமர்ந்தார்கள். இளமையில் தாமும் ஆணுடை உடுத்தி வீட்டுச் செலவைப் பாதியாகக் குறைத்ததாகத் தாயார் சொன்னார். மகள் சாம்பல் நிறக் கோட்டொன்று தைத்துக்கொண்டார். இரும்பு லாடம் அடித்த பூட்ஸ் கிடைத்தபோது அதைக் கழற்றி வைக்கவே மனமில்லையாம். பெண்கள் ஆணுடை அணியப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற 1800 ஆம் ஆண்டுக் கட்டளை அப்போது நடைமுறையில் இருந்தது. அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது 2013 இல்தான்.

சாண்ட் 1876 இல் காலமானார். எழுதிய நாவல்கள் அறுபதுக்கும் மேல். அவற்றில் ஒன்றைக்கூடப் புரட்டாதவர்களும் அந்தக் கோட்டையும் புகையையும் அறிவார்கள். பழைய கேலிப்படங்கள் இப்போது வாழ்த்து அட்டைகளாகவும் சுவரொட்டிகளாகவும் மறு அச்சாகி விற்கின்றன. அட்டையை வாங்குகிறவர் ‘இந்தியானா’வையும் கையில் எடுத்தால், கொடிய கணவனிடமிருந்து தப்பி ஓடும் ஒரு பெண்ணை அதில் காண்பார். அந்தப் பெண் காற்சட்டை அணிந்தவள் அல்லள்.